நட்பும் இருக்கட்டும், பதிவும் குறையட்டும்

உங்கள் நட்புப் பட்டியலிலும் அப்படி ஒருவர் இருப்பார். காலை ஐந்தரைக்கு முருகன் படத்தோடு வணக்கம், ஏழு மணிக்கு ராசிபலன், எட்டுக்கு ஒரு மருத்துவக் குறிப்பு, பத்து மணிக்கு அரசியல், மத்தியானம் இலையில் பரிமாறிய சாப்பாடு, சாயங்காலம் பழைய இளையராஜா பாட்டு, ராத்திரி மறுபடி அரசியல். ஆள் தங்கமானவர். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்தி வரைக்கும் நின்று கவனித்தவர். அவரை நட்பிலிருந்து நீக்க மனம் வராது. ஃபேஸ்புக்கைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகத்திலேயே விழிக்கவும் முடியாது.

இந்தச் சங்கடத்துக்கு எல்லாப் பெரிய தளங்களும் வழி வைத்திருக்கின்றன. பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் 'அவருக்குத் தெரிஞ்சுட்டா என்ன நினைப்பாரு' என்ற பயத்தில் அந்தப் பக்கம் போவதில்லை. அந்தப் பயம் தேவையில்லை. நட்பில் இருப்பதும், ஒருவர் போடும் பதிவுகளெல்லாம் நம் பார்வைக்கு வருவதும் தளங்களைப் பொறுத்தவரை இரண்டு தனித்தனி விஷயங்கள். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம்.

குறை பழையதுதான். அமெரிக்காவில் கொலராடோ டென்வர் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் கிறிஸ்டோபர் சிபோனா, ஃபேஸ்புக்கில் ஒருவரை ஏன் நட்பிலிருந்து நீக்குகிறீர்கள் என்று 1,500-க்கும் அதிகமானவர்களிடம் கேட்டு 2010-இல் முடிவை வெளியிட்டார். அரசியல் சண்டை, மதச் சண்டைதான் முதலிடம் என்று எவரும் நினைப்பார்கள். அது இரண்டாவது இடம்தான். முதலிடம், முக்கியமில்லாததை ஓயாமல் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு. கருத்து பிடிக்காததைவிடத் தொல்லைதான் மனிதர்களைப் பிரித்திருக்கிறது. தொல்லை போனால் நட்பு பிழைக்கும் என்றும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

நட்பில் நூறு பேர் இருக்கும்போது ஐந்து பேர் மட்டும் எப்படித் திரையை நிரப்புகிறார்கள்? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். தொண்ணூற்றைந்து பேர் வாரத்துக்கு ஒரு பதிவு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: 95 பதிவு. மீதி ஐந்து பேர் நாளைக்கு இருபது வீதம் போட்டால் வாரத்துக்கு 700. வந்தது வந்தபடி காட்டினால் நீங்கள் பார்ப்பதில் நூற்றுக்கு 88 அந்த ஐந்து பேருடையது. இது கற்பனைக் கணக்குத்தான், ஆனால் நிஜமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்த நாட்டில் ட்விட்டர் வைத்திருந்த பெரியவர்களில் 10 சதவீதம் பேர்தான் மொத்தப் பதிவில் 80 சதவீதத்தை எழுதினார்கள். சராசரி ஆசாமி மாதத்துக்கு இரண்டே இரண்டு எழுதினார். ஆக, உங்கள் தங்கையின் பதிவு கண்ணில் படவில்லை என்றால் அவள் எழுதாமல் இருக்க வேண்டியதில்லை. எழுதியது எங்கோ அடியில் புதைந்திருக்கலாம்.

இதைத் தளமே பார்த்துக்கொள்ளாதா என்றால், ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஒரே ஆளின் பதிவுகள் அடுத்தடுத்து வராமல் தடுக்கும் விதி ஃபேஸ்புக்கில் இருந்தது. பார்க்க வேறு எதுவும் இல்லாதவர்களுக்காக 2015 ஏப்ரலில் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2017 ஜூனில், தினமும் அளவுக்கு மீறிப் பொதுப்பதிவு போடும் ஒரு சிறு கூட்டத்தைக் கண்டுபிடித்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. அவர்கள் பகிரும் இணைப்புகள் பெரும்பாலும் பரபரப்புத் தலைப்பும் பொய்ச் செய்தியுமாக இருப்பதால் அவற்றைக் கீழே தள்ளப்போவதாகவும் சொன்னது. இன்று எக்ஸ் என்று அழைக்கப்படும் ட்விட்டர், தன் பதிவுத் தேர்வு முறையை 2023 மார்ச்சில் வெளியிட்டபோது, ஒரே எழுத்தாளரின் பதிவுகள் தொடர்ந்து வராமல் பார்த்துக்கொள்ளும் படி ஒன்றும் அதில் இருந்தது.

ஆனாலும் இதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. உங்களுக்கு எது பிடிக்கும் என்பதை உங்கள் விரலை வைத்துத்தான் அது கணிக்கிறது. நண்பர்களுக்குள் நடக்கும் உரையாடலுக்கு முன்னுரிமை தரப்போவதாக ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் அறிவித்தது. நீங்கள் பொறுக்க முடியாமல் போய் 'இதெல்லாம் எதுக்குண்ணே' என்று ஒரு கமென்ட் போட்டால், உங்கள் எரிச்சல் அதற்குப் புரியாது. இவருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது என்றுதான் புரியும். நாளைக்கு இன்னும் நாலு பதிவைக் கொண்டுவந்து வைக்கும். அவர் பதிவில் சண்டை போடுவதுதான் அவரை அதிகம் பார்க்க நிச்சயமான வழி.

சரி, என்ன செய்யலாம்? ஃபேஸ்புக்கிலிருந்து தொடங்குவோம், அங்கேதான் கருவிகள் அதிகம். தொல்லை தரும் பதிவின் வலது மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தொட்டால் வரும் பட்டியலில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று ஸ்னூஸ். 2017 டிசம்பரில் வந்த வசதி இது. அதை அழுத்தினால் அந்த நபரின் பதிவுகள் 30 நாளைக்கு உங்களுக்கு வராது, பிறகு தானாகவே வரத் தொடங்கும். தேர்தல் நேரம், ஐபிஎல் நேரம், பேரன் பிறந்த முதல் மாதம் என்று சிலர் பருவக் காய்ச்சல்போலப் பதிவு போடுவார்கள். அவர்களுக்கு இது போதும். பருவம் போனால் ஆள் பழையபடி ஆகிவிடுவார்.

இன்னொன்று அன்ஃபாலோ. இதைப் பலர் நட்பு நீக்கம் என்று தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். அன்ஃபாலோ செய்த பிறகும் அவர் உங்கள் நண்பர்தான். உங்கள் பதிவுகள் அவருக்குப் போகும், அவர் மெசஞ்சரில் அனுப்புவது உங்களுக்கு வரும், அவர் பட்டியலில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. அவர் பதிவுகள் உங்கள் முகப்பில் வராது, அவ்வளவுதான். வேண்டும்போது அவர் பக்கத்துக்கே போய் எல்லாவற்றையும் பார்க்கலாம். வீட்டுக்குப் பேப்பர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டீக்கடையில் போய்ப் படித்துக்கொள்கிற மாதிரி. நாளைக்குப் பத்துப் பதிவு போட்டு, அதில் இரண்டு பிரமாதமாக எழுதுகிற ஆட்களுக்கு இதுதான் சரியான மருந்து. ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய் அந்த இரண்டையும் படித்துவிட்டு வரலாம்.

சில சமயம் தொல்லை அவர் எழுதுவதில் இருக்காது, ஒரே பக்கத்திலிருந்து எடுத்துப் பகிர்ந்துகொண்டே இருப்பதில் இருக்கும். பகிர்ந்த பதிவுகளில் அந்த மூலப் பக்கத்தை மட்டும் மறைக்கும் வாய்ப்பு அதே மூன்று புள்ளிகளுக்குள் காட்டும். முதலில் அதைச் செய்து பாருங்கள். ஒரு மீம்ஸ் பக்கத்தை மறைத்ததும் பாதி நண்பர்கள் சாதுவாகிவிடுவார்கள். குழுக்களுக்கும் இதே கதைதான். உறுப்பினராக இருந்துகொண்டே குழுவை அன்ஃபாலோ செய்யலாம்.

டேக் என்றொரு தனி வியாதி இருக்கிறது. கவிதை எழுதியதும் ஐம்பது பேரைக் கோத்துவிடுவார்கள், அந்தக் கவிதை உங்கள் பக்கத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபேஸ்புக் அமைப்புகளில், உங்களை டேக் செய்த பதிவு உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் பக்கத்தில் தோன்றாதபடி வைக்க முடியும். இதை மட்டும் யோசிக்காமல் இன்றைக்கே செய்துவிடுங்கள். அவர் பக்கத்தில் அவர் போடுவது அவர் உரிமை. உங்கள் வாசலில் நோட்டீஸ் ஒட்டுவது அப்படி இல்லை.

ஆட்களைக் குறைப்பதற்குப் பதில், வேண்டியவர்களை முன்னே கொண்டுவரவும் முடியும். ஃபேஸ்புக்கில் 30 பேர் வரை ஃபேவரிட்ஸ் பட்டியலில் சேர்க்கலாம், அவர்கள் பதிவு மேலே வரும். 2022 ஜூலையில் ஃபீட்ஸ் என்றொரு பிரிவையும் சேர்த்தார்கள். அதற்குள் நண்பர்கள், குழுக்கள், பக்கங்கள் தனித்தனியாக, புதியது முதலில் என்ற வரிசையில் கிடைக்கும். இன்ஸ்டாகிராமிலும் 2022 மார்ச் முதல் இப்படியே. மேலே இருக்கும் பெயரைத் தொட்டால் ஃபாலோயிங், ஃபேவரிட்ஸ் என்று இரண்டு வரும். அங்கே ஃபேவரிட்ஸில் 50 கணக்குகள் வரை. ஓயாமல் பதிவு போடுகிற உறவினர் மூன்று பேரை ஓரம்கட்டுவது மனக்கஷ்டமாக இருக்கிறது என்பவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து வரலாம். யாரையும் தொட வேண்டாம், பிள்ளைகளையும் நெருங்கியவர்களையும் மேலே ஏற்றினால் போதும்.

இன்ஸ்டாகிராமில் மியூட் வசதி 2018 மே மாதம் வந்தது. பதிவை மட்டுமா, ஸ்டோரியை மட்டுமா, இரண்டையுமா என்று தேர்ந்தெடுக்கலாம். நாற்பது துண்டு ஸ்டோரி போட்டு மேலே ஓடும் கோடு புள்ளிக்கோடாகத் தெரியும்படி செய்பவர்கள் உண்டு. அவர்களுடைய வட்டப் படத்தைச் சற்று அழுத்திப் பிடித்தாலே மியூட் என்று வரும்.

எக்ஸ் தளத்தில் சத்தம் பெரும்பாலும் ரீபோஸ்டால் வருவது. சொந்தமாக நாளைக்கு ஒன்று எழுதுவார், மற்றவர்களுடையதை நாற்பது முறை தள்ளிவிடுவார். அவர் பக்கத்துக்குப் போய் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், அவர் ரீபோஸ்ட்டை மட்டும் நிறுத்தும் வாய்ப்பு இருக்கிறது. அவர் எழுதுவது வரும், தள்ளுவது வராது. நுட்பமான கத்தி இது, ஆனால் எக்ஸில் பல வருடம் இருப்பவர்களுக்கே இது தெரியாமல் இருப்பதைப் பார்க்கிறேன். 2014 முதல் இருக்கும் மியூட்டும் உண்டு. சொற்களையும் மியூட் செய்யலாம், 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கெடுவும் வைக்கலாம். மேட்சை ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அணிகளின் பெயரையும் ஐபிஎல் என்பதையும் ஒரு நாளைக்கு மூடிவிடுங்கள். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு விதமாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று தப்பித்து வந்து முடிவைச் சொல்லிவிடும். அதிகம் எழுதுகிற பத்திரிகையாளர்களையும் நிபுணர்களையும் ஒரு தனிப்பட்ட லிஸ்ட்டில் போட்டுவைப்பது இன்னொரு வழி. அந்த லிஸ்ட் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்களைப் பின்தொடராமலேயே சேர்க்கலாம். நேரம் இருக்கும்போது திறந்து மொத்தமாகப் படிக்கலாம்.

இனி வாட்ஸ்ஆப். நம் ஊரில் உண்மையான யுத்தம் இங்கேதான். காலை வணக்கப் படங்களால் இந்தியர்களின் ஃபோன்கள் நிரம்பி வழிவதை கூகுள் ஆராய்ந்த கதையை, 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பெரிய செய்தியாகவே போட்டது. அந்தப் படங்களைக் கண்டுபிடித்து மொத்தமாக அழிக்க ஒரு செயலியே வந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் ஒரு பெரிய குறை. குழுவில் உள்ள ஒரே ஒரு ஆளை மட்டும் வாயடைக்க வழி கிடையாது. அவரை பிளாக் செய்தாலும் குழுவில் அவர் போடுவது உங்களுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். இதைத் தெரியாமல் பிளாக் செய்துவிட்டு, சண்டையையும் வாங்கி, படத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இங்கே குழு முழுவதையும்தான் அடக்க முடியும். மியூட்டில் எப்போதும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆர்க்கைவில் தள்ளுங்கள். 2021 முதல், ஆர்க்கைவ் செய்த குழு புதுச் செய்தி வந்ததும் மேலே எட்டிப்பார்ப்பதில்லை, உள்ளேயே கிடக்கும். படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை சேமிப்பு அமைப்புகளில் நிறுத்திவிட்டால் ஃபோனும் மூச்சுவிடும். குழுவைவிட்டே போய்விடலாம் என்றால், 2022-க்குப் பிறகு 'இன்னார் வெளியேறினார்' என்ற தண்டோரா இல்லை, அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் சமீபத்தில் விலகியவர்கள் என்ற பட்டியலில் 60 நாள் வரை உங்கள் பெயர் இருக்கும், தேடிப் பார்க்கிற ஒன்றுவிட்ட சித்தப்பா கண்டுபிடித்துவிடுவார். குடும்பக் குழுவைவிட்டு விலகாதீர்கள் என்பதுதான் என் யோசனை. சாவுச் செய்தியும் ஆஸ்பத்திரிச் செய்தியும் இப்போது அதில்தான் முதலில் வருகிறது. மூடி வைத்து, ராத்திரி ஒரு தடவை கீழிருந்து மேலே ஓடவிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிஷம்.

ஸ்டேட்டஸ் விஷயம் சுலபம். ஒருவர் பெயரை அழுத்திப் பிடித்து மியூட் கொடுத்தால் அவருடையது பட்டியலின் அடியில் போய் மறைந்துகொள்ளும். யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணுகிற பழக்கம் சிலருக்கு உண்டு, அவர்களுக்கு மட்டும் உங்கள் பெயர் இல்லாதது உறுத்தலாம். வாரத்துக்கு ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் தீர்ந்தது.

நீங்களே அட்மின் என்றால் கையில் அதிகாரம் கூடுதல். வாட்ஸ்ஆப் குழுவில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று வைக்கலாம். குடியிருப்பு அறிவிப்பு, பள்ளி அறிவிப்புக் குழுக்களுக்கு அது சரி, சொந்தக்காரர்கள் குழுவில் செய்தால் அட்மினை மாற்றிவிடுவார்கள். டெலிகிராமில் 2019 முதல் ஸ்லோ மோட் இருக்கிறது. ஒருவர் ஒரு செய்தி போட்டபின் அடுத்ததற்கு 10 விநாடியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும் என்று வைக்கலாம். யார் பெயரையும் சொல்லாமல் எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. ஃபேஸ்புக் குழுக்களில் குறிப்பிட்ட உறுப்பினர் நாளைக்கு எத்தனை பதிவு போடலாம் என்றே அட்மின் கட்டுப்படுத்த முடியும்.

அவரிடமே சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். பொதுவில் போடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். அவர் உங்களுக்காகப் போடவில்லை, நீங்கள் ஒதுங்கிக்கொள்ள வழியும் இருக்கிறது. உங்கள் எண்ணுக்கே தனியாக நாளைக்குப் பன்னிரண்டு வீடியோ அனுப்புகிறார் என்றால் மட்டும் சொல்லலாம். அதுவும் எழுத்தில் வேண்டாம், எழுத்தில் எல்லாமே கோபமாகத் தெரியும். ஃபோன் போட்டு, "மாமா, ஃபோன்ல இடமே இல்ல. வீடியோ மட்டும் வேணாம், நீங்க எழுதி அனுப்புறது இருந்தா அனுப்புங்க" என்றால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

வயதானவர்கள் அனுப்பும் காலை வணக்கத்தை வேறு கணக்கில் வைக்க வேண்டும். தனியாக இருக்கிற அத்தைக்கு அந்த ரோஜாப்பூப் படம், 'இன்னைக்கும் எழுந்துட்டேன்' என்று ஐம்பது பேருக்குத் தெரிவிக்கிற வழி. சத்தத்தை மூடிக்கொள்ளுங்கள், ஆனால் ஆர்க்கைவ் செய்யாதீர்கள். ஒருநாள் அது வராவிட்டால் நீங்கள்தான் ஃபோன் செய்ய வேண்டும்.

ஓயாமல் போடும் அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, எழுத நிறைய இருக்கிறவர்கள் எழுதத்தான் செய்வார்கள். கோயில் திருவிழாப் படங்களை இருபது பதிவாகப் போடாமல் ஒரே பதிவாகப் போடுங்கள், இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவுக்கு 20 படம் வரை வைக்கலாம். குழந்தையின் படங்களை குளோஸ் ஃபிரெண்ட்ஸ் என்ற சிறு வட்டத்துக்கு மட்டும் போடலாம், அது ஆர்வமாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் போகும். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸையும் குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் காட்டலாம், அலுவலக மேலாளருக்கு உங்கள் ராசிபலன் தேவைப்படாது.

பொத்தான்களின் பெயரையும் இடத்தையும் இந்த நிறுவனங்கள் அடிக்கடி மாற்றுகின்றன. நான் சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் பதிவின் மூன்று புள்ளிகளிலோ அவர் பக்கத்தின் மூன்று புள்ளிகளிலோ தேடுங்கள், அநேகமாக அங்கேதான் இருக்கும். இன்னொன்று: ஸ்னூஸ் போட்டவர் 30 நாளில் தானாகத் திரும்பி வருவார். அன்ஃபாலோவும் மியூட்டும் அப்படியில்லை, நீங்களாக எடுக்கும்வரை அப்படியே கிடக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்குமாவது அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தேர்தல் காலத்தில் மூடிவைத்த நண்பர் இப்போது தோட்டம் போட்டு, கத்தரிக்காய்ப் படம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கலாம்.